சூட்டில் இறுகும் ஜெல்: நம் ஊர் ஏப்ரலில் ‘அறை வெப்பநிலை’ என்றால் எவ்வளவு?

கொழிஞ்சாம்பாறை_மாணவி | ஏப்ரல் 9, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கமுங்க. பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். தினமும் பஸ் ஏறி, எல்லை தாண்டிப் போய் ஒரு கல்லூரியில் பாலிமர் வேதியியலில் ஆய்வு செய்கிறேன்.

நான் செய்வது சூட்டில் இறுகும் ஜெல். குளிரில் தண்ணீர்போல ஓடும். உடல் சூட்டுக்கு வந்ததும் கெட்டியாகி நிற்கும். மருந்தைக் கலந்து ஊசி வழியாகத் தோலுக்கடியில் விட்டால், அங்கேயே ஒரு கட்டியாக உட்கார்ந்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும். பிறகு அதுவே சிதைந்து கரைந்துவிடும். அறுத்து எடுக்கிற வேலை இல்லை.

நம் வீட்டில் பார்க்கிற பொருள்கள் இதற்கு நேர்மாறு. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறையும், வெயிலில் வைத்தால் உருகும். ஆட்டுக்கால் பாயா ராத்திரி ஆறினால் கட்டியாகும், அடுப்பில் வைத்தால் இளகும். என் ஜெல் சுட்டால் இறுகும், குளிர்ந்தால் இளகும். முதல் தடவை குப்பியை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்து தலைகீழாகக் கவிழ்த்தபோது ஒரு சொட்டுகூட விழவில்லை. அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் அந்த வீடியோவை நாலு தடவை காட்டினேன்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். போன வாரம் பிற்பகலில் கரண்ட் போய் ஏசி நின்றுவிட்டது. சோதனைக்கு அடுக்கி வைத்த பன்னிரண்டு குப்பியும் ஸ்டாண்டிலேயே இறுகிவிட்டன. சுவரில் இருந்த வெப்பமானி 38 காட்டியது. சிரிஞ்சில் ஏற்றி வைத்திருந்ததும் அடைத்துக்கொண்டது. தள்ளத் தள்ள உள்தண்டு வளைந்ததே தவிர, ஊசி முனையில் ஒன்றும் வரவில்லை. படித்த கட்டுரையெல்லாம் ‘அறை வெப்பநிலையில் திரவம், உடல் வெப்பநிலையில் ஜெல்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. நம் ஊரில் இந்த மாதம் அறையே உடலைவிடச் சூடு.

என் பொருள்: பிஎல்ஜிஏ-பிஇஜி-பிஎல்ஜிஏ என மூன்று கட்டு (துண்டு) கோத்த பாலிமர் சங்கிலி. பிஇஜி என்பது பாலிஎத்திலீன் கிளைகால்; பிஎல்ஜிஏ என்பது லாக்டைடும் கிளைகோலைடும் சேர்ந்த, உடலில் சிதையும் பாலிமர். நடுவில் மூலக்கூறு எடை 1500 உள்ள பிஇஜி, இரண்டு பக்கமும் சுமார் 1700 பிஎல்ஜிஏ, லாக்டைடும் கிளைகோலைடும் 3:1. 20% கரைசல். இறுகும் சூடு 33 டிகிரி. இதை 36, 37 வரை உயர்த்திவிட்டால் சிரிஞ்சில் அடைப்பது நிற்குமா? எதை மாற்ற வேண்டும்?

---

வேலந்தாவளம் | ஏப்ரல் 9, இரவு 10:48

அம்மிணி, நல்ல கேள்வி. பாலிமரோடு ரொம்ப வருடம் மல்லுக்கட்டிவிட்டு இப்போது ஊரோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உயர்த்தினால் தீராது. கணக்கைப் பாருங்க. உடல் 37, உங்கள் அறை 38. உடலுக்குள் 37-ல் இறுகியே தீர வேண்டிய பொருள், வெளியே 38-ல் இறுகாமல் இருக்க வழியே இல்லை. சங்கிலியை எப்படி மாற்றினாலும் அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே நுழைய இடம் கிடையாது. இது வினைக் குடுவையில் தீர்கிற பிரச்சினை அல்ல, ஐஸில் தீர்கிற பிரச்சினை.

அதோடு, உயர்த்தினால் கெடுதலும் உண்டு. இறுகும் சூட்டைத் தாண்டி எத்தனை டிகிரி மேலே இருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஜெல்லுக்கு உறுதி வருகிறது. 36.5-ல் இறுகுகிற ஜெல் உடலுக்குள் கூழாகக் கிடக்கும். இறுகவும் நேரம் எடுக்கும். அதற்குள் மருந்து கசிந்து பரவிவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 33-ஐ 30, 31-க்கு இறக்குவேன். கரைசலை 20-லிருந்து 25% ஆக்கினாலே கொஞ்சம் இறங்கும். பிஎல்ஜிஏ பக்கத்தை நீட்டினாலும் இறங்கும். பிஇஜியை நீட்டினால் ஏறும். கரைசலில் உப்பு இருந்தாலும் இறங்கும் என்பதால், வெறும் தண்ணீரில் அளந்த எண்ணை பஃபரில் (பிஎச் மாறாமல் வைக்கும் உப்புக் கரைசலில்) போட்ட பிறகு நம்பாதீர்கள்.

‘அறை வெப்பநிலை’ என்ற சொல் நம் ஊர் அறைக்குப் பொருந்தவில்லை என்று நீங்கள் சொன்னது சரி. அது நம் ஊரில் பிறந்த சொல் அல்ல. இந்தத் துறைக்கு விதை போட்டது அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் உள்ள யூட்டா பல்கலைக்கழகம். 1997-ல் ஜியோங், பே, லீ, கிம் ஆகிய நால்வர் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரைதான் சிதையக்கூடிய கட்டுப் பாலிமரை ஊசி வழியே போடும் ஜெல்லாகக் காட்டியது. அந்த முதல் ஜெல் உங்களுடையதற்கு எதிர்த்திசையில் வேலை செய்தது. 45 டிகிரி அளவில் திரவமாக வைத்து ஊசி போட வேண்டும். உடலுக்குள் போய் குளிர்ந்து இறுகும். 45 டிகிரி திரவம் தசைக்கும் சுகமில்லை, புரத மருந்துக்கும் ஆகாது. 1999-ல் அதே குழு பிஇஜி-பிஎல்ஜிஏ-பிஇஜி என்ற வரிசையில் திசையைத் திருப்பிக் காட்டியது. குளிரில் திரவம், சூட்டில் ஜெல். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பெரும்பாலும் அந்தத் திசைதான்.

---

சித்தூர்_வாசகர் | ஏப்ரல் 10, காலை 6:35

நான் வேதியியல் படித்தவன் இல்லைங்க. அப்பாவுக்குப் புராஸ்டேட் பிரச்சினைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போடுகிறார்கள். உள்ளேயே இருந்து மெல்ல மெல்ல வேலை செய்யும் என்று சொன்னார்கள். அதுவும் இந்த ஜெல்தானா? அப்புறம், சூட்டில் எப்படி இறுகும் என்பதைக் கொஞ்சம் புரியும்படி சொல்ல முடியுமா?

---

கொழிஞ்சாம்பாறை_மாணவி | ஏப்ரல் 10, காலை 8:10

அண்ணா, அப்பாவுக்குப் போடுவதில் எந்தப் பிராண்ட் என்று தெரியாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வகை ஊசிகளில் பெரும்பாலும் இருப்பது பிஎல்ஜிஏ போன்ற இதே குடும்பத்துப் பொருள்தான், ஆனால் ஜெல் அல்ல. சிலவற்றில் மாவுபோல நுண்ணிய உருண்டைகளுக்குள் மருந்து இருக்கும். சிலவற்றில் பாலிமரை ஒரு கரைப்பானில் கரைத்திருப்பார்கள். உள்ளே போனதும் கரைப்பான் விலகி, பாலிமர் கட்டியாகத் தங்கும். சூட்டுக்கு அதில் வேலை இல்லை. அறுவைச் சிகிச்சையில் போடுகிற ‘தானே கரையும் தையல்’ நூலும் இதே குடும்பம். 1970-களிலிருந்து உடம்புக்குள் போய் வருகிறது. தண்ணீர் அதன் எஸ்டர் பிணைப்பை மெல்ல வெட்டும். லாக்டிக் அமிலமும் கிளைகோலிக் அமிலமுமாகப் பிரிந்து உடல் அதைக் கையாண்டுவிடும்.

சூட்டில் இறுகுவதை நான் மல்லிகையை வைத்துப் புரிந்துகொண்டேன். எங்கள் பாட்டி சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டுவார். கூடையில் கொட்டிக் கிடக்கும்போது பூ ஒவ்வொன்றும் தனி. கூடையைச் சாய்த்தால் சரிந்து ஓடும். வாழை நாரை ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு இழுத்துக் கட்டிவிட்டால் சரம். ஒரு முனையைத் தூக்கினால் எல்லாம் சேர்ந்து வரும்.

என் சங்கிலியில் நடுத்துண்டு, அதாவது பிஇஜி, தண்ணீரை விரும்பும். இரண்டு முனையும் தண்ணீரை வெறுக்கும். தண்ணீரில் போட்டதும் முனைகளெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்து சின்னச் சின்ன உருண்டையாகும். மைசெல் என்பார்கள். குளிரில் ஒரே சங்கிலியின் இரண்டு முனையும் பெரும்பாலும் வளைந்து ஒரே உருண்டைக்குள் நுழைந்துகொள்ளும். உருண்டைகள் தனித்தனி, கூடைப் பூ மாதிரி. சூடு ஏற ஏறத் தண்ணீர் பிஇஜியைப் பிடித்திருக்கும் பிடி தளரும், முனைகளுக்குத் தண்ணீர்மேல் உள்ள வெறுப்பும் கூடும். அப்போது ஒரு முனை இந்த உருண்டையிலும் மறுமுனை பக்கத்து உருண்டையிலுமாக மாட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கிற பிஇஜிதான் வாழை நார். நிறைய இடத்தில் அப்படிக் கட்டு விழுந்ததும் மொத்தக் கரைசலும் நின்றுவிடும். அதில் முக்கால் பங்குக்கு மேல் இன்னமும் தண்ணீர்தான்.

---

கஞ்சிக்கோடு_பார்மா | ஏப்ரல் 10, பிற்பகல் 1:15

நல்ல விளக்கம். ஆனால் நடைமுறைக்கு வருவோம். இந்தப் பாலிமரைச் செய்ய நைட்ரஜன், வெற்றிடம், டின் ஆக்டோயேட் என்ற வினையூக்கி, 150 டிகிரியில் எட்டு மணி நேரம், அப்புறம் நாலு நாள் சுத்தம் செய்வது, இவ்வளவும் எதற்கு? பொலாக்சமர் 407 என்ற பாலிமர் பொடியாகவே கிடைக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் 20% கரைத்து ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் சூட்டில் இறுகும் ஜெல் தயார். மருந்துத் துறையில் பல வருடமாகப் புழங்குவது, விலையும் கம்மி.

அதை வைத்து வந்த மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதியும் இருக்கிறது. ஜெல்மைட்டோ, 2020 ஏப்ரல். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் மேல்பாதையில் வரும் தீவிரம் குறைந்த புற்றுக்கு, மைட்டோமைசின் மருந்தைக் குளிர்ந்த திரவமாக உள்ளே விடுகிறார்கள். அங்கே ஜெல்லாகி ஒட்டி நிற்கிறது. சோதனையில் 71 பேரில் 42 பேருக்குக் கட்டி முழுமையாக மறைந்தது. சிதையும் கட்டுப் பாலிமரில் இப்படி ஒன்று காட்டுங்கள் பார்ப்போம்.

---

வேலந்தாவளம் | ஏப்ரல் 10, இரவு 9:02

கஞ்சிக்கோடு சார் சொன்ன மருந்தை நானும் மதிக்கிறேன். வெறும் தண்ணீரில் கலந்த மருந்து சிறுநீரோடு நிமிடத்தில் போய்விடும் இடத்தில், ஜெல் சில மணி நேரம் பிடித்து நிறுத்துகிறது. அங்கே தேவை அந்தச் சில மணி நேரம்தான். பிறகு சிறுநீரே அதைக் கரைத்து வெளியே எடுத்துப் போகிறது. அந்த வேலைக்குப் பொலாக்சமர் சரியான ஆள்.

அதே பொலாக்சமரைத் தோலுக்கடியில் போட்டுப் பாருங்க. உருண்டைகள் நெருக்கியடித்து நிற்பதால் வரும் ஜெல் அது. சுற்றியுள்ள நீர் வந்து கலக்கக் கலக்க அடர்த்தி குறைந்து, ஓரிரு நாளில் கட்டு அவிழ்ந்துவிடும். பொலாக்சமர் சங்கிலி உடலில் சிதைவதும் இல்லை. அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். நாலு வாரம் மருந்து விட வேண்டும் என்றால் பிஎல்ஜிஏ போன்ற சிதையும் முனை வேண்டும். அம்மிணி கேட்பது நாலு வார வேலை.

சிதையும் வகையில் காட்டச் சொன்னீர்கள். ரீஜெல் என்று ஒன்று இருந்தது. அம்மிணி செய்யும் அதே மூன்று கட்டு, 23% கரைசல். அதில் பாக்ளிடாக்சல் என்ற புற்று மருந்தைக் கலந்து ஆன்கோஜெல் என்று உணவுக்குழாய்ப் புற்றில் மனிதர்களிடம் சோதித்தார்கள். கீமோவும் கதிர்வீச்சும் கொடுக்கும்போது கட்டிக்குள் இதையும் செலுத்திப் பார்த்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஜெல் ஜெல்லாகத்தான் இருந்தது. மருந்து கட்டி முழுக்கப் போய்ச் சேர்வது வேறு விஷயம். மறைக்காமல் சொல்கிறேன், இந்த வகை இன்னும் நிறையத் தூரம் போக வேண்டும். அதனால்தான் ஒரு மாணவி இதில் உட்கார்ந்திருப்பது எனக்குச் சந்தோஷம்.

---

தேவிகுளம்_நர்ஸ் | ஏப்ரல் 11, காலை 5:50

மலைமேலிருந்து ஒரு குரல். எஸ்டேட் ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருடமாக ஊசி போடுகிறேன். உங்கள் 38-ஐப் படிக்கும்போது எனக்கு எதிர்ப்பக்கம் தோன்றியது. இங்கே ஜனவரி விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் வந்து கையை நீட்டுவார்கள். தோலைத் தொட்டால் ஐஸ்போல இருக்கும். உடலுக்குள் 37 என்பது சரி, ஆனால் தோலுக்கடியில் அந்த நேரத்தில் 37 இருக்காது. அங்கே 33-ல் இறுகும் ஜெல்லைப் போட்டால் அது உடனே இறுகுமா, இல்லை திரவமாகவே பரவிவிடுமா? வேலந்தாவளம் அண்ணா இறக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ?

ஐஸ் பற்றி ஒரு வார்த்தை. தடுப்பூசிப் பெட்டியில் நாலு ஐஸ் பேக் வைப்போம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த வேகத்தில் உள்ளே வைக்க மாட்டோம். வெளியே வைத்திருந்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். அப்புறம்தான் பெட்டிக்குள் போகும். இல்லாவிட்டால் மருந்து உறைந்து கெடும். உங்கள் குப்பிக்கும் அதே முறை போதும் என்று நினைக்கிறேன். சிரிஞ்சையும் ஊசியையும் சேர்த்தே பெட்டிக்குள் வையுங்கள் தங்கச்சி. எல்லோரும் மருந்தைக் குளிரவைத்துவிட்டு ஊசியை மறந்துவிடுவார்கள்.

---

வேலந்தாவளம் | ஏப்ரல் 11, காலை 7:30

இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இதுதான் சிஸ்டர். ஆமாம், தோலுக்கடி எப்போதும் உள்ளுடலைவிடக் குளிர்ச்சி. ‘உடல் வெப்பநிலை’ என்ற சொல்லும் ‘அறை வெப்பநிலை’ போலத்தான். எங்கே, எந்த ஆழத்தில், எந்த மாதத்தில் என்று கேட்காமல் அதற்கு எண் இல்லை.

ஊசி பற்றிச் சொன்னதும் சரி. சிரிஞ்சின் குழலில் ஒரு மில்லி இருக்கிறது, சூடேற நிமிடங்கள் ஆகும். ஊசியோ மெல்லிய எஃகு, உள்ளே சொட்டுக்கும் குறைவான கரைசல். 38 டிகிரிக் காற்றில் சில விநாடியில் சூடாகிவிடும். அடைப்பு எப்போதும் அங்கேதான் தொடங்கும்.

---

மீனாட்சிபுரம்_மாட்டுடாக்டர் | ஏப்ரல் 12, இரவு 8:40

மனிதனை விட்டுவிட்டு மாட்டுக்கு வாருங்கள். நம் பக்கம் கறவை மாடு இல்லாத தெருவே கிடையாது, மடிநோய் வராத தொழுவமும் குறைவு. வற்றுக்காலத்தில், அதாவது ஈனுவதற்கு முன் சுமார் 60 நாள் கறவையை நிறுத்தும்போது, ஒவ்வொரு காம்புக்குள்ளும் நீண்டநாள் வேலை செய்யும் ஆன்டிபயாடிக்கை ஏற்றுவது வழக்கம். காம்பின் துளையை அடைக்கப் பிஸ்மத் களிம்பும் ஏற்றுவார்கள். உங்கள் ஜெல் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யுமா என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கறந்துகொண்டிருக்கும் மாட்டுக்கு இது ஆகாது. நாலு வாரம் மருந்து கசிந்தால் நாலு வாரமும் பாலைச் சொசைட்டிக்கு ஊற்ற முடியாது. அந்த வீட்டில் காசு வருவதே அந்தப் பாலில்தான். நீண்டநாள் இருப்பது நல்லது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கே நல்லது என்று கேளுங்கள். வற்றுக்காலம் என்றால் நல்லது. அங்கேயும் ஈனுவதற்குள் மருந்து முழுக்கப் போயிருக்க வேண்டும்.

இன்னொன்று. மாட்டின் சாதாரண உடல் சூடு 38.5. காய்ச்சல் வந்தால் 40, 41. உங்கள் ஜெல் 41-ல் என்ன ஆகும்? எல்லோரும் எத்தனை டிகிரியில் இறுகும் என்றே பேசுகிறீர்கள். எத்தனை டிகிரி வரை நிற்கும்?

---

கொழிஞ்சாம்பாறை_மாணவி | ஏப்ரல் 13, மாலை 6:05

டாக்டர், இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் இதுவரை கேட்கவில்லை. நானும் அளக்கவில்லை. இன்றைக்கு உட்கார்ந்து அளந்தேன்.

முறை எளிதுதான். தண்ணீர்த் தொட்டியில் குப்பியை நிறுத்தி ஒரு டிகிரி ஏற்றுவது, பத்து நிமிடம் காத்திருப்பது, குப்பியைக் கவிழ்த்து முப்பது விநாடி பார்ப்பது. ஓடினால் திரவம், நின்றால் ஜெல். 32-ல் தேன்போல இறங்கியது. 33-ல் நின்றது. 38-ல் நன்றாக உறுதி, குப்பியைத் தட்டினாலும் அசையவில்லை. கண்ணாடிபோல இருந்தது 40 தாண்டியதும் வெளுக்கத் தொடங்கியது. 43-ல் சுவரை விட்டு விலகிச் சுருங்கிற்று. 46-ல் பால் திரிந்த மாதிரி வெள்ளைக் கட்டி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். ஐஸில் போட்டுக் குலுக்கினேன், ஒரு மணி நேரத்தில் மறுபடி தெளிந்த கரைசலானது.

அதாவது பிஇஜி தண்ணீரை அதிகமாகவே கைவிட்டுவிடுகிறது. கட்டு இறுகி இறுகி, உள்ளே இருந்த தண்ணீரையே பிழிந்து தள்ளிவிடுகிறது. காய்ச்சல் கண்ட மாட்டில் என் ஜெல் விளிம்பில்தான் நிற்கும். தண்ணீரோடு மருந்தும் ஒரேயடியாக வெளியே வந்தால் ஆபத்து. நீங்கள் மருந்து எடுத்துப் போகும் பைக் பெட்டி மத்தியான வெயிலில் 46-ஐத் தாண்டும் என்று நினைக்கிறேன். அங்கேயும் இதே கதைதான்.

---

பாறசாலை | ஏப்ரல் 14, காலை 10:20

விஷு, சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள் எல்லோருக்கும். நான் தெற்கு எல்லைக்காரன். வேலை திருவனந்தபுரத்தில்.

சூட்டைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். நான் ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னும் ஒன்றரை மாதத்தில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) வந்துவிடும். போன வருடம் ஜூனில் செய்த பாலிமரும் ஜனவரியில் செய்ததும் ஒரே செய்முறை, ஒரே கை, இறுகும் சூட்டில் மட்டும் மூன்று டிகிரி வித்தியாசம். மாதக்கணக்கில் காரணம் தேடினேன். கடைசியில் லாக்டைடு பாட்டில்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வேகத்தில் மூடியைத் திறந்திருக்கிறேன். மழைக்காலக் காற்று பட்டதும் பாட்டில் வெளியே வியர்க்கும் இல்லையா, உள்ளே பொடியிலும் அதே வியர்வை படிந்திருக்கிறது.

ஈரம் ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்றால், லாக்டைடு வளையத்தைத் திறந்து சங்கிலியை ஆரம்பிக்கும் வேலையைப் பிஇஜியின் முனையில் உள்ள ஓஎச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதி) செய்ய வேண்டும். தண்ணீருக்கும் ஓஎச் உண்டு. அதுவும் சங்கிலி ஆரம்பித்துவிடும். அப்படிப் பிறக்கும் சங்கிலியில் நடுவில் பிஇஜியே இருக்காது. நீங்கள் சொன்ன வாழை நார் இல்லாத பூ. எத்தனை அப்படிப் பிறந்தன என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது.

நான் இப்போது செய்வது: பாட்டிலை முந்தின இரவே எடுத்து டெசிகேட்டரில் (ஈரத்தை உறிஞ்சும் மூடிய பாத்திரத்தில்) வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறப்பேன். பிஇஜியை வெற்றிடத்தில் 120 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்துவேன். வினை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, 80 டிகிரிக்குச் சூடாக்குவேன். பாலிமர் பிசின்போல அடியில் படியும், வினைபுரியாத மிச்சம் மேல்தண்ணீரோடு போகும். இரண்டு மூன்று முறை. பாலிமரின் குணத்தை வைத்தே பாலிமரைக் கழுவுவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை.

கரைசலாக்கி ஃபிரிட்ஜில் வைத்தாலும் எஸ்டர் மெல்ல வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். பழைய கரைசலில் அளக்காதீர்கள். கிருமி நீக்கத்துக்கு ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிப் பாத்திரத்தில்) போட்டுவிடாதீர்கள், சங்கிலி அறுந்துவிடும். குளிரில் ஓடும்போதே 0.22 மைக்ரான் வடிகட்டியில் இறக்கிவிடுங்கள்.

இங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் இதய வால்வு செய்த கதை எங்களுக்கெல்லாம் பாடம். நான்காவது வடிவம்தான் தேறியது. 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். முந்தைய வடிவங்களில் எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று எழுதி வைத்ததால்தான் நாலாவது வந்தது. உங்கள் பன்னிரண்டு குப்பி இறுகிய நாளையும் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

---

கொழிஞ்சாம்பாறை_மாணவி | மே 6, இரவு 9:45

தாமதத்துக்கு மன்னியுங்கள். எல்லோரும் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு வருகிறேன்.

1. பாறசாலை அண்ணா சொன்னபடி உலர்த்திப் புதிதாகச் செய்தேன். 25% கரைசல். பாலிமர் கொம்புத் தேன்போல இழுக்கும். குளிரில் முழுதாகக் கரைய இரண்டு நாள் ஆனது. இறுகும் சூடு இப்போது 31.

2. தடுப்பூசிப் பெட்டி ஒன்று கடனாகக் கிடைத்தது. ஐஸ் பேக்கைக் குலுக்கிச் சத்தம் கேட்டு வைத்தேன். பிற்பகல் மூன்று மணி, ஏசியை நானே அணைத்தேன், அறை 38. குளிர்ந்த சிரிஞ்ச், சூடான ஊசி: இருபது விநாடி நிறுத்திவிட்டுத் தள்ளினால் வரவில்லை. சிரிஞ்சும் ஊசியும் பெட்டியிலிருந்தே எடுத்து, ஊசியைக் கடைசியில் மாட்டி, நிறுத்தாமல் தள்ளினால் ஒரு மில்லியும் இறங்கியது. ஐந்து தடவையும் இறங்கியது. குழலை விரலால் பொத்திப் பிடிக்காமல் மேல் விளிம்பில் பிடிக்க வேண்டும் என்றும் கற்றுக்கொண்டேன். என் கை சூடே ஒரு நிமிடத்தில் போதுமானதாக இருந்தது.

3. சிஸ்டர் கேட்ட கேள்விக்கு: கறிக்கடையில் அன்று வெட்டிய ஆட்டுத் தொடைக் கறி இரண்டு துண்டு வாங்கினேன். பையில் கட்டி ஒன்றை 37-லும் ஒன்றை 32-லும் தொட்டியில் ஊறவிட்டேன். பழைய 33 டிகிரிக் கரைசலில் நீலச் சாயம் கலந்து இரண்டிலும் அரை மில்லி செலுத்தினேன். பத்து நிமிடம் கழித்துக் கத்தியால் பிளந்தேன். 37-ல் இருந்த துண்டில் சுண்டைக்காய் அளவு நீல உருண்டை. கத்தி முனையால் நெம்பினால் முழுசாக வெளியே வந்தது. 32-ல் இருந்த துண்டில் உருண்டையே இல்லை. நாருக்கு நார் நீலம் ஓடி, பையின் அடியிலும் தேங்கியிருந்தது. புதிய 31 டிகிரிக் கரைசலை அதே 32-ல் போட்டேன். உருண்டை இருந்தது, ஆனால் தொட்டால் நசுங்கும் பதம். தேவிகுளத்துக் குளிருக்கு இன்னும் இறக்க வேண்டும். பிளந்த துண்டுகளின் படத்தையும் போட்டிருக்கிறேன்.

4. மூன்று வாரம் 37-ல் வைத்த பழைய ஜெல்லின்மேல் நின்ற தண்ணீரில் பிஎச் தாளை நனைத்தேன். முதல் நாள் பச்சை. இப்போது ஆரஞ்சு, அதாவது 4 அளவில். சிதைந்து வரும் அமிலம்தான். குப்பியில் தேங்குகிறது, உடலில் ரத்த ஓட்டம் ஓரளவு எடுத்துப் போகும். ஆனாலும் புரத மருந்தை இதற்குள் வைக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. வேலந்தாவளம் அண்ணா, இதற்கு என்ன செய்வார்கள்?

---

வேலந்தாவளம் | மே 6, இரவு 10:30

அந்த நீலக் கறியின் படத்தைப் பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் அம்மிணி. நாலு பக்கத்துக் கட்டுரை சொல்லாததை அது சொல்கிறது.

அமிலத்துக்கு: பிஎல்ஜிஏவுக்குப் பதில் காப்ரோலாக்டோன் வகைக்குப் போகலாம். சிதைவு ரொம்ப மெதுவாக நடப்பதால் அமிலம் ஒரேயடியாகத் தேங்காது. உலர்ந்தால் பொடியாகவே கிடைக்கும், இரண்டு நாள் கரைக்கும் தொல்லையும் குறையும். ஆனால் அது படிகமாகும் குணமுள்ளது. கரைசலை வைத்திருந்தால் தானாகவே வெளுத்துக் கெட்டிப்படும். காப்ரோலாக்டோனோடு கொஞ்சம் லாக்டைடோ கிளைகோலைடோ கலந்து அந்தப் படிகத்தைக் கலைப்பார்கள். இல்லை, இதே பிஎல்ஜிஏ ஜெல்லுக்குள் அமிலத்தைச் சமன் செய்யும் உப்பைச் சேர்க்கலாம். சேர்த்த பிறகு இறுகும் சூட்டை மறுபடி அளக்க வேண்டும்.

---

மீனாட்சிபுரம்_மாட்டுடாக்டர் | மே 7, காலை 6:15

உயிருள்ள மாட்டில் தொடுவதற்கு முன் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். அதில் குறுக்குவழி கிடையாது. அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இறைச்சிக் கூடத்திலிருந்து மடி ஒன்றைக் காம்போடு வாங்கித் தருகிறேன். 38.5 தொட்டியில் வைத்துக் காம்பு வழியாக நீலத்தை ஏற்றிப் பாருங்கள். உள்ளே அரை மணி நேரம் நின்ற பிறகு கறப்பது மாதிரி இழுத்துப் பார்க்க வேண்டும். வெளியே வருகிறதா, பிடித்து நிற்கிறதா என்று தெரியும். பிறகு தொட்டியை 41-க்கு ஏற்றி அதையே மறுபடி.

---

கொழிஞ்சாம்பாறை_மாணவி | மே 7, காலை 7:02

சனிக்கிழமை வருகிறேன் டாக்டர். காலை ஏழரை பஸ், ஒன்பது மணிக்குள் மீனாட்சிபுரம் வந்துவிடுவேன். தொட்டி சின்னதுதான், ஒரு மடி முழுசாக உள்ளே போகாது. பெரிய பாத்திரமும் தண்ணீர் காய்ச்ச அடுப்பும் உங்களிடம் இருந்தால் போதும், வெப்பமானி மூன்று என்னிடம் இருக்கிறது. ஐஸ் பெட்டியை என் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன்.

---

தேவிகுளம்_நர்ஸ் | மே 7, காலை 7:40

ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள், வெயில் நேராகப் பெட்டிமேல் விழும். ஈரத் துணி ஒன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள். படம் போட மறக்காதீர்கள் தங்கச்சி.